நூற்றெழுபது அடி ஆழத்தில் வந்த விருந்தாளி

போன வாரம் உங்கள் டைவிங் பயிற்சிக் கூடத்துக்கு என்னைக் கூப்பிட்டுப் பொன்னாடை போர்த்தினீர்கள். பிறகு டீ குடிக்கும்போது உங்களுக்குள் பெரிய வாக்குவாதம் வந்தது. அறுபது மீட்டர் வரை சாதாரணக் காற்றே போதும், பழகிவிட்டால் தலை கிறுகிறுக்காது என்றது ஒரு கட்சி. ஹீலியம் கலக்காமல் அந்த ஆழத்துக்கு இறங்குவது கிறுக்குத்தனம் என்றது இன்னொரு கட்சி. கடைசியில் எல்லாரும் என் பக்கம் திரும்பி, "ஐயா, நீங்களே சொல்லுங்க" என்றீர்கள். வாயில் பஜ்ஜி இருந்த சாக்கில் நான் தலையை மட்டும் ஆட்டிவிட்டு வந்துவிட்டேன்.

உண்மையைச் சொன்னால் பொன்னாடையைத் திரும்பக் கேட்பீர்களோ என்று பயம். இப்போது அது பத்திரமாகப் பெட்டிக்குள் போய்விட்டது. இனிச் சொல்லலாம்.

நான் அந்தக் காலத்தில் காற்றுக் கட்சிக்காரன். அதுவும் சும்மா இல்லை, கட்சியின் தலைவர், பேச்சாளர், கொடி பிடிக்கிறவர் எல்லாம் நானேதான். சுதந்திரத்துக்கு முந்தைய யுத்த காலம் அது. முதுகில் சிலிண்டரை மாட்டிக்கொண்டு மீன் மாதிரி நீந்துகிற உங்கள் வசதியெல்லாம் அப்போது கிடையாது. செம்புத் தலைக்கவசம், ஈயம் அடித்த பூட்ஸ், ரப்பர் உடை என்று என்னை மூட்டை கட்டி இறக்குவார்கள். மேலே பம்பைச் சுற்றுவார்கள், குழாய் வழியாகக் காற்று வரும். துறைமுகத்தில் மூழ்கின படகு, சிக்கின நங்கூரம் என்று பத்து வருஷம் இறங்கி ஏறியிருந்தேன். தண்ணீருக்கடியில் எனக்குத் தெரியாதது ஒன்றும் இல்லை என்பது என் எண்ணம்.

என் கயிற்றைப் பிடிப்பவர் ஒரு மேஸ்திரி. எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்தவர். அவர் தனி ஆளாக ஹீலியம் கட்சி. அமெரிக்காவில் கடற்படை டைவர்கள் ஹீலியம் கலந்த வாயுவைச் சுவாசித்து, ஆழத்தில் தெளிவாக வேலை செய்கிறார்கள் என்று யாரோ அதிகாரி சொல்லக் கேட்டிருந்தார். காற்றிலுள்ள நைட்ரஜன்தான் ஆழத்தில் அழுத்தம் கூடும்போது தலைக்கேறிப் போதையாகிறது என்பதையும் அவர்தான் எங்களுக்குச் சொன்னார். இன்று உங்கள் புத்தகத்தில் முதல் பாடமே அதுதான். அன்று நான் விழுந்து விழுந்து சிரித்தேன்.

"மேஸ்திரி, அந்த ஹீலியத்தை நீங்க கண்ணால பாத்திருக்கீங்களா?" என்பேன்.

"இல்ல."

"நம்ம தேசத்துல எங்கயாவது கிடைக்குமா?"

"கிடைக்காது."

"அப்ப இல்லாத சாமானுக்கு எதுக்குக் கட்சி? மனசுல திடம் இருந்தா மயக்கம் எப்படி வரும்?"

அவர் கயிற்றைச் சுருட்டப் போய்விடுவார். நான் ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொண்டு காலரை இழுத்துவிட்டுக்கொள்வேன்.

அந்தச் சமயத்தில்தான் கொல்லிமலையிலிருந்து வேலை வந்தது. கடலில் முங்குகிறவனுக்கு மலையில் என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். மலைமேல் எல்லாரும் அதைத்தான் கேட்டார்கள்.

மலைமேல் வாழவந்தி நாடு என்கிற பகுதியில் ஒரு கம்பெனி தாதுக்கல் தேடி, செங்குத்தாக ஒரு சுரங்கக் கிணறு தோண்டியிருந்தது. அதன் அடியிலிருந்து மலைச்சரிவு வரைக்கும் படுக்கை வசமாக ஒரு சுரங்கவழி போனது. இரண்டும் சேருகிற இடத்தில் சுவர் எழுப்பி, ஓர் ஆள் தவழ்ந்து போகிற அளவுக்கு இரும்புக் கதவு வைத்திருந்தார்கள். தோண்டத் தோண்ட ஊற்று உடைந்துகொண்டது. கதவை மூடி, கிணற்றுப் பக்கத்தில் ஆறு திருகாணிகளை முடுக்கிவிட்டு எல்லாரும் மேலே ஓடிவந்துவிட்டார்கள். கிணற்றில் நூற்றெழுபது அடிக்குத் தண்ணீர் நின்றது. ஊற்று இந்தப் பக்கம் திரும்பியதில், கீழே சரிவில் இருந்த நெல் வயல்களுக்குப் போய்க்கொண்டிருந்த ஓடை வற்றிவிட்டது. அந்த மலை விவசாயிகள் கம்பெனிக்காரர்களிடம் சண்டை போட்டு, கடைசியில் ஓர் ஏற்பாடு செய்திருந்தார்கள். சுரங்கவழியில் சரிந்து கிடக்கிற கல்லையெல்லாம் அவர்கள் அப்புறப்படுத்துவது. கதவு வழியாகத் தண்ணீரைக் கம்பெனி வடித்துவிடுவது. வடிகிற தண்ணீர் வயலுக்குப் போய்விடும்.

கதவின் நடுவில் தண்ணீர் வடிக்க ஒரு சின்னத் திறப்பும் அதைத் திறக்க ஒரு நெம்புகோலும் இருந்தன. அந்த நெம்பில் கம்பிவடத்தின் நுனியைக் கட்டி, ஸ்பானரால் முடுக்கிவிட்டு நான் மேலே வந்துவிட வேண்டும். சுரங்கவழியில் ஆள் யாரும் இல்லை என்று உறுதி செய்துகொண்டு, இன்னொரு நாள் மேலிருந்து வடத்தை இழுப்பார்கள். என் வேலை அவ்வளவுதான். ஆறு திருகாணிகளையும் தொடவே கூடாது. தொட்டால் கதவு மொத்தமாகச் சுரங்கவழிக்குள் பிய்த்துக்கொண்டு போகும், தண்ணீரோடு நானும் போவேன்.

காற்றுப் பம்புகள் இரண்டையும் மூங்கிலில் கட்டி, எட்டெட்டுப் பேராகச் சுமந்து மலை ஏற்றினார்கள். நான் வெறும் கையோடு ஏறி, அவர்களுக்கு ஒரு மணி நேரம் பின்னால் போய்ச் சேர்ந்தேன். "கடல்காரரு வந்துட்டாருங்க, எந்திரிச்சு எடம் குடுங்க" என்று அவர்கள் சிரித்ததை மரியாதை என்று எடுத்துக்கொண்டேன்.

வேலை தொடங்குகிற அன்று மேஸ்திரி இரண்டு விஷயம் சொன்னார். முதலாவது, "இந்த ஆழம் காத்துல வேண்டாம். ஹீலியம் இல்ல, சரி. அப்ப தண்ணிய இறைச்சு, நூறு அடிக்குக் குறைச்சுட்டு இறங்கு." இரண்டாவது, "நீ அடியில இருக்கிறவரைக்கும் சுரங்கவழியில ஆள் இருக்கக்கூடாது."

இரண்டுக்கும் நான் சிரித்தேன். தண்ணீர் இறைக்க எத்தனை நாள் ஆகும், மழை வந்துவிட்டால் என்ன செய்வது என்று வாதாடினேன். நான் கட்டப்போவது ஒரு கயிறு, அதற்காகச் சுரங்கவழியில் கல் அள்ளுகிற ஒன்பது பேரின் வேலையை எதற்குக் கெடுக்க வேண்டும் என்றும் கேட்டேன். கம்பெனியின் என்ஜினியர் என் பக்கம் சேர்ந்துகொண்டார். ஒன்பது பேரும் மண்வெட்டி, கடப்பாரையோடு மலையைச் சுற்றி இறங்கி, கீழே சுரங்கவழிக்குள் போனார்கள். அவர்களை அனுப்பியது என் வாய். இத்தனை வருஷம் கழித்தும் இந்த வரியை எழுதக் கை கூசுகிறது.

இறங்கினேன். எட்டு பேர் பம்பைச் சுற்ற, இன்னும் எட்டு பேர் மாற்றுக்கு நின்றார்கள். என் தலைக்கவசத்தில் டெலிபோன் இருந்தது. அதன் பேசும் குழாய் மேலே மேஸ்திரியின் கையில்.

நூறு அடி தாண்டியதும் மனசுக்குள் ஒரு குளிர்ச்சி. நூற்றைம்பதில் இந்த உலகத்தில் எனக்குப் பகையே கிடையாது என்று தோன்றியது. அடியில் கால் பதித்தபோது, கல்யாணப் பந்தலில் சந்தனம் பூசிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறவன் மாதிரி இருந்தேன். இதை மயக்கம் என்று சொல்கிற மேஸ்திரியை நினைத்து எனக்குப் பாவமாக இருந்தது. என் அறிவு அன்றுபோல் என்றும் கூர்மையாக இருந்ததில்லை என்பதில் எனக்கு எள்ளளவும் சந்தேகம் இல்லை.

கதவைத் தடவிக் கண்டுபிடித்தேன். ஸ்பானர் கதவில் பட்டு டங் டங் என்றது. சற்று நேரத்தில் கதவின் அந்தப் பக்கத்திலிருந்தும் டங் டங் என்று சத்தம் வந்தது.

இனி என் மூளை வேலை செய்த விதத்தைக் கேளுங்கள். யாரோ கதவைத் தட்டுகிறார்கள். அப்படியானால் விருந்தாளி வந்திருக்கிறார். வந்தவரை வாசலிலேயே நிறுத்தி வைப்பது மரியாதையா? கதவைத் திறக்க வேண்டாமா?

அதற்குப் பிறகு எனக்கு நினைவிருப்பது அரைகுறை. மற்றதெல்லாம் மேலே நின்றவர்கள் சொல்லித் தெரிந்துகொண்டது.

"வடத்தக் கட்டிட்டியா?" என்று மேஸ்திரி கேட்டிருக்கிறார்.

"அது கிடக்கட்டும் மேஸ்திரி. விருந்தாளி வந்திருக்காங்க. கதவத் திறந்துட்டு வந்துடறேன்."

"எந்தக் கதவை?"

"நம்ம வீட்டுக் கதவைத்தான். ஆறு தாழ்ப்பாள் போட்டு வெச்சிருக்கான் எவனோ. கழட்டிட்டிருக்கேன்."

"திறக்காதே! கையை எடு! மேல வா!"

"நீங்க கயிறு பிடிக்கிற ஆளு. கயிற மட்டும் பிடிங்க."

இதை நான் என் குருவிடம் சொல்லியிருக்கிறேன். அவர் ஆறு பேரை வைத்துக் கயிற்றை இழுக்கச் சொன்னார். நான் கதவின் வளையத்தை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டேன். இன்னும் இழுத்தால் காற்றுக் குழாய் அறுந்துபோகும். உடனே இழுப்பதை நிறுத்தச் சொன்னார். கீழே உள்ளவர்களை வெளியேற்ற ஓர் ஆளை ஓடவிட்டார். எவ்வளவு வேகமாக இறங்கினாலும் சுரங்கவழி வாசலுக்கு அரை மணி நேரம் ஆகும். டெலிபோனில் மறுபடி திருகாணி கழல்கிற சத்தம் கேட்டதாம்.

பம்பு சுற்றுகிறவர்களுக்குக் கேப்பைக் கூழ் கொண்டுவந்திருந்த செல்லாயி என்ற பெண் பக்கத்தில் நின்றிருந்தாள். முப்பது வயது இருக்கலாம். அவள் புருஷன் சடையன் கீழே சுரங்கவழியில் இருந்த ஒன்பது பேரில் ஒருவன். என்ன கூச்சல் என்று கேட்டாள். மேஸ்திரி மறைக்காமல் சொல்லிவிட்டார். அவள் அழுவாள், அலறுவாள் என்று அவர் எதிர்பார்த்திருக்கிறார். அவள் கூழ்ப்பானையைக் கீழே வைத்தாள்.

"அவரு குடிச்சிருக்காருங்களா?"

"குடிக்கல தாயி. ஆனா குடிச்சவன் மாதிரிதான் இப்போ."

"அப்பறம் எதுக்குங்க அதட்டறீங்க? குடிச்சவங்கள அதட்டுனா ரோசம் வந்துருமுங்க. எங்க ஊட்டுக்காரரு வாரத்துல நாலு நாளு இப்பிடித்தானுங்க வாராரு. அந்தக் குழாய இங்க குடுங்க."

ஒரு மேஸ்திரி, டைவர் அடியில் இருக்கும்போது, டெலிபோனைத் தொழில் தெரியாத ஆளிடம் கொடுக்கவே மாட்டார். நாற்பது வருஷத்து வழக்கம் அது. அவர் ஒரு நொடிகூட யோசிக்காமல் கொடுத்துவிட்டார். அவரிடம் நான் கற்றுக்கொண்டதில் எனக்கு இன்றும் பெரிதாகத் தெரிவது அந்த ஒரு செயல்தான்.

அந்தக் குரல் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. செம்புக் குடத்துக்குள் யாரோ உட்கார்ந்து பேசுவது போல இருந்தது.

"ஏனுங்க, நான் சடையன் ஊட்டுக்காரி பேசறனுங்க. சோறாக்கி எல போட்டாச்சுங்க. விருந்தாளிங்க எல்லாம் மேல வந்து உக்காந்துட்டாங்க. நீங்க வந்தாத்தான் கை நனைப்பாங்களாம்."

"மேலயா? இங்க தட்டுறாங்களே அம்மா."

"அது ஆடுங்க சாமி. கொம்புல முட்டுதுங்க. தொறந்தீங்கன்னா உள்ள பூந்து வெள்ளாமைய மேஞ்சுட்டுப் போயிருமுங்க."

யோசித்துப் பார்த்தேன். மிக நியாயமாகப் பட்டது. வெள்ளாமையை ஆடு மேய விடுகிறவன் ஒரு மனுஷனா?

"சரிங்க அம்மா. ஆட்டைக் கட்டிட்டு வந்துடறேன்."

"அத நான் கட்டிக்கறனுங்க. உங்க கையில இருக்கற அந்த இரும்பு மட்டும் இங்க வேணுமுங்க. இப்பவே கொண்டாங்க கண்ணு, சோறு ஆறுது."

ஸ்பானரோடு என்னை மேலே வரவழைத்துவிட்டாள். கயிறு மெல்ல ஏறியது. அவள் பேச்சை நிறுத்தவில்லை. என்ன குழம்பு, எத்தனை இலை, யார் யார் வந்திருக்கிறார்கள் என்று சொல்லிக்கொண்டே இருந்தாளாம். நான் ரசம் உண்டா என்று கேட்டேனாம். பேசும்போது அவள் குரல் கொஞ்சமும் நடுங்கவில்லை என்று மேஸ்திரி பிறகு சொன்னார்.

உங்களுக்குத் தெரியும், மேலே வரவர இந்தப் போதை தடயமே இல்லாமல் இறங்கிவிடும். ரத்தத்தில் சேர்ந்த வாயு வெளியேற என்னை இடையிடையே நிறுத்தி நிறுத்தித்தான் ஏற்றினார்கள். இரண்டாவது நிறுத்தத்தில் தலை பளிச்சென்று ஆகிவிட்டது. உடனே எனக்குக் கோபம் வந்தது. வேலை பாதியில் இருக்கும்போது என்னை ஏன் ஏற்றுகிறார்கள்?

மேலே வந்து தலைக்கவசத்தைக் கழற்றியதும் மேஸ்திரி ஒரே கேள்விதான் கேட்டார். "எத்தனை கழட்டினே?"

"மூணு," என்றேன். "பயப்படாதீங்க. மூணுக்கு மேல போகக்கூடாதுன்னு எனக்குத் தெளிவா தெரிஞ்சுது. அதோட நிறுத்திட்டேன். வடத்தையும் நல்லா கட்டியிருக்கேன்."

அவர் வடத்தை லேசாக இழுத்தார். சிரமமே இல்லாமல் கைக்கு வந்தது. அதன் நுனியை நான் அந்த வடத்தோடேயே சேர்த்து, மிக அழகாக முடுக்கியிருந்தேன்.

கீழே ஓடிப்போன ஆள் ஒன்பது பேரையும் கூட்டிக்கொண்டு பிற்பகலில் வந்து சேர்ந்தான். சடையன் சிரித்தபடி என்னிடம் வந்தான். "நீங்க தட்டுனீங்க. மரியாதைக்கு நாங்களும் தட்டுனமுங்க. கேட்டுச்சுங்களா?" என்றான். செல்லாயி அவன் முதுகில் ஓங்கி ஓர் அடி வைத்துவிட்டு, அப்போதுதான் உட்கார்ந்து அழுதாள். நான் பக்கத்தில் போய், "மூணுதாம்மா கழட்டினேன். பாதிக்குப் பாதி மிச்சம் இருந்துச்சு" என்று ஆறுதல் சொன்னேன். அந்த வயதில் அதை ஆறுதல் என்று நினைத்திருக்கிறேன், பாருங்கள்.

மேஸ்திரி அதற்குப் பிறகு யாரிடமும் வாதாடவில்லை. கம்பெனிக்காரர்களைப் பார்த்து, "ஹீலியம் வாங்கித் தர உங்களால முடியாது. தண்ணிய இறைக்க முடியும்" என்றார். கம்பெனியின் இயந்திரம் ஒரு பக்கமும் மலை மக்களின் இறவை மாடுகள் ஒரு பக்கமுமாகப் பன்னிரண்டு நாள் இறைத்துத் தண்ணீரை நூறு அடிக்குக் கொண்டுவந்தார்கள். சுரங்கவழிக்குள் யாரையும் விடவில்லை. அதன் வாசலில் நின்றது செல்லாயி. அவளே அந்த வேலையைக் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

மறுபடி இறங்க நான் மேஸ்திரியிடம் கெஞ்சினேன். அவர் விட்டது இன்றும் எனக்கு ஆச்சரியம்தான். நூறு அடியில் தலை தெளிவாக இருந்தது. சந்தன வாசனை இல்லை, விருந்தாளி இல்லை. சேறும் குளிரும்தான் இருந்தன. கதவைத் தடவி, திருகாணிகள் இருந்த இடங்களை ஒவ்வொன்றாக விரலால் எண்ணினேன். மறுபடி எண்ணினேன். பிறகு மண்டிபோட்டுத் தரையைத் துழாவினேன்.

தரையில் ஐந்து கிடந்தன. ஆறாவது கதவிலேயே இருந்தது, ஆனால் அதிலும் பாதி மரை வெளியே தெரிந்தது.

அவ்வளவு தண்ணீரையும் ஒரே ஒரு திருகாணியின் மிச்சம் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறது. ஆறையும் முடுக்கிவிட்டு, வடத்தை நெம்பில் கட்டி, மூன்று தடவை இழுத்துப் பார்த்துவிட்டு மேலே வந்தேன். அன்று மாலையே வடத்தை இழுத்தார்கள். தண்ணீர் சுரங்கவழியில் மெல்ல ஓடி ஓடையில் இறங்கியது. மலைச்சரிவில் குலவைச் சத்தம் கேட்டது. என்னைத் தவிர எல்லாரும் சந்தோஷமாக இருந்தார்கள்.

மேஸ்திரியிடம் மட்டும் ஐந்து என்று சொன்னேன். அவர் திட்டுவார் என்று காத்திருந்தேன். "என்கிட்ட சொல்லி என்ன பிரயோஜனம்? அந்தம்மாகிட்ட போய்ச் சொல்லு" என்றார்.

மறுநாள் காலையில் நாங்கள் மலை இறங்க வேண்டும். அதற்கு முன் செல்லாயியின் வயலுக்குப் போனேன். புதுத் தண்ணீருக்கு அவள் மடை திருப்பிக்கொண்டிருந்தாள். முழங்கால் வரை சேறு. வரப்பில் நின்றபடி எல்லாவற்றையும் சொன்னேன். மூன்று இல்லை, ஐந்து. ஆறாவதும் பாதி. இன்னும் இரண்டு சுற்று சுற்றியிருந்தால் உன் புருஷன் இல்லை என்றும் சொன்னேன். சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டேன்.

அவள் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நிமிர்ந்தாள். பிறகு கேட்டாள்.

"அஞ்சு கழட்டுனது உங்களுக்கு நெனவே இல்லீங்களா?"

"இல்லம்மா. சத்தியமா இல்ல."

"அப்பறம் அன்னிக்கு மேல வந்து, தலையெல்லாம் தெளிஞ்சப்பறம், மூணுன்னு என் மூஞ்சியப் பாத்து அடிச்சுச் சொன்னீங்களே. அது எப்பிடிங்க?"

அவள் பதிலுக்குக் காத்திருக்கவில்லை, மடையை வெட்டிவிடத் திரும்பிக்கொண்டாள். பழகிவிட்டால் தலை கிறுகிறுக்காது என்கிற உங்கள் கட்சிக்கு நான் சொல்ல வேண்டியது அவளுடைய அந்தக் கேள்விதான்.